மறுமணத்துக்குப் பிறகு குழந்தையின் ஹெல்த் இன்சூரன்ஸ்: அமெரிக்காவில் சைல்டு சப்போர்ட் கணக்கு எப்படி மாறுகிறது?

அமெரிக்காவில் விவாகரத்தான பெற்றோர் மறுமணம் செய்யும்போது முதலில் எழும் கவலை, புதுத் துணையின் சம்பளத்தையும் சைல்டு சப்போர்ட் (குழந்தையின் செலவுக்கு ஒரு பெற்றோர் மற்றவருக்கு மாதாமாதம் தரும் பணம்) கணக்கில் சேர்த்துவிடுவார்களோ என்பதுதான். பெரும்பாலான மாநிலங்களில் சேர்ப்பதில்லை. டெக்சஸ் குடும்பச் சட்டத்தின் 154.069-ஆம் பிரிவு, துணையின் வருமானத்தைக் கூட்டவும் கூடாது, துணையின் தேவைகளையோ துணை அழைத்து வந்த குழந்தைகளின் தேவைகளையோ கழிக்கவும் கூடாது என்று இரண்டு பக்கமும் கதவைச் சாத்துகிறது. கலிஃபோர்னியாவின் 4057.5-ஆம் பிரிவு மிக அசாதாரணமான சூழலில் மட்டும் விதிவிலக்கு தருகிறது.

உண்மையில் கணக்கை மாற்றுவது பிரீமியம். திருமணமான சில வாரங்களுக்குள் பிளான் மாறும், பிரீமியத்தின் அடுக்கு மாறும், சில நேரம் குழந்தை வேறொருவர் பிளானுக்கே போய்விடும். நீதிமன்ற உத்தரவு மட்டும் பழைய எண்களோடு அப்படியே கிடக்கும். இந்த இடைவெளியில்தான் மாதாமாதம் யாரோ ஒருவர் பணத்தை இழந்துகொண்டிருக்கிறார். பெரும்பாலும் அது அவருக்கே தெரிவதில்லை.

உத்தரவில் முதலில் தேட வேண்டியவை

விவாகரத்துத் தீர்ப்பையும் அதன்பின் வந்த திருத்தங்களையும் எடுத்து வைத்துக்கொண்டு, மருத்துவம் பற்றிய பத்தியை மட்டும் தனியாகப் படியுங்கள். இன்சூரன்ஸ் எடுக்க வேண்டியவர் யார், பல், கண் மருத்துவமும் அதில் அடக்கமா, இன்சூரன்ஸ் தராத செலவை எந்த விகிதத்தில் பிரித்துக்கொள்ள வேண்டும், பிளான் மாறினால் எத்தனை நாளுக்குள் மற்றவருக்குத் தெரிவிக்க வேண்டும் ஆகிய நான்கும் அங்கே இருக்கும். கூடவே இணைத்திருக்கும், சப்போர்ட் தொகையைக் கணக்கிடும் படிவமான ஒர்க்‌ஷீட்டில் பிரீமியம் என்று எந்த எண் போட்டிருக்கிறது, அது யார் பக்கத்தில் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் எதை மாற்றக் கேட்பதானாலும் அந்த எண்ணிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஒன்றை மனத்தில் வையுங்கள். நீதிமன்றம் பெற்றோருக்குத்தான் உத்தரவிட முடியும். புதுக் கணவரோ புது மனைவியோ அந்த வழக்கில் கட்சிக்காரர் இல்லை. அவர் தன் பிளானில் குழந்தையைச் சேர்த்துக்கொள்வது நல்ல மனது. அவரை அதற்குக் கட்டாயப்படுத்த வழியில்லை.

முப்பது நாள் கெடு

திருமணம் நடந்தால் அலுவலக பிளானில் புதுத் துணையையும் அவருடைய குழந்தைகளையும் சேர்க்கக் குறைந்தது 30 நாள் அவகாசம் தர வேண்டும் என்பது கூட்டாட்சிச் சட்டம். தனியாக பிளான் வாங்கும் அரசுச் சந்தையான ஹெல்த்கேர் மார்க்கெட்பிளேஸில் அது 60 நாள். தவறவிட்டால் யாரும் பிளானில் சேரக்கூடிய வருடாந்திர ஓப்பன் என்ரோல்மென்ட் காலம் வரை காத்திருக்க வேண்டும். உங்கள் முதல் திருமணத்துக் குழந்தை இதுவரை உங்கள் பிளானில் இல்லையென்றால், இதே வாய்ப்பில் அவரையும் சேர்க்கலாமா என்பது பிளானைப் பொறுத்தது. எச்.ஆரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்பே எல்லா அடுக்குகளின் விலைப்பட்டியலையும் கேட்டு வாங்குங்கள்: ஊழியர் மட்டும், ஊழியரும் துணையும், ஊழியரும் குழந்தைகளும், முழுக் குடும்பம். வருடத்தைக் குறிப்பிட்டுத் தரச் சொல்லுங்கள். நீதிமன்றத்தில் பிரீமியத்தை நிரூபிக்க இந்த ஒரு தாள்தான் பெரும்பாலும் போதும். பே ஸ்டப்பை (சம்பளச் சீட்டை) மட்டும் கொண்டு போனால், அதில் மெடிக்கல் என்று ஒரே வரியில் மொத்தப் பிடித்தம்தான் இருக்கும். குழந்தையின் பங்கு எவ்வளவு என்று அதிலிருந்து யாராலும் சொல்ல முடியாது.

பிடித்தத்தை மாதக் கணக்காக்கும்போது ஒரு தப்பு திரும்பத் திரும்ப நடக்கிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம் வருகிறவருக்கு வருடத்தில் 26 சம்பளம். ஆகவே 26-ஆல் பெருக்கி 12-ஆல் வகுக்க வேண்டும். ஒரு சம்பளத்துக்கு 150 டாலர் பிடித்தம் என்றால் மாதத்துக்கு 325 டாலர். இரண்டால் பெருக்கி 300 என்று எழுதினால் வருடத்துக்கு 300 டாலர் கணக்கிலிருந்து காணாமல் போகும். வாரச் சம்பளமென்றால் 52-ஆல் பெருக்கி 12-ஆல் வகுக்க வேண்டும். நிறுவனம் கட்டும் பங்கைச் சேர்க்காதீர்கள். உங்கள் சம்பளத்திலிருந்து போவது மட்டும்தான் கணக்கு.

குழந்தையின் பங்கு எவ்வளவு?

சண்டை வருவது இங்கேதான். எண்களை வைத்துப் பார்ப்போம். ஒரு தந்தையின் அலுவலகத்தில் மாதப் பிரீமியம் இப்படி என்று வைத்துக்கொள்ளுங்கள்: அவருக்கு மட்டும் 130 டாலர், அவரும் குழந்தைகளும் 350, அவரும் மனைவியும் 400, முழுக் குடும்பம் 640.

மறுமணத்துக்கு முன் கேள்வியே இல்லை. 350-இலிருந்து 130 போனால் 220. அதுதான் குழந்தையின் செலவு.

இப்போது அவர் மறுமணம் செய்கிறார். மனைவிக்கு முந்தைய திருமணத்தில் ஒரு குழந்தை உண்டு. நால்வருக்கும் சேர்த்து 640 டாலர் பிளான். முதல் குழந்தையின் பங்கு எவ்வளவு? எப்படிக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும்.

குடும்ப பிளானுக்கும் தனிநபர் பிளானுக்கும் உள்ள வித்தியாசம் 510. இதை முழுக்க முதல் குழந்தையின் கணக்கில் எழுதினால், மனைவிக்கும் அவர் குழந்தைக்கும் ஆகும் செலவை முன்னாள் மனைவியின் தலையில் கட்டுவதாகிவிடும். மனைவியை எப்படியும் சேர்த்திருப்பார், குழந்தைகளுக்காகத்தான் குடும்ப பிளான் என்று பார்த்தால் 640-இலிருந்து 400 போய் 240. அதிலும் இரண்டு குழந்தைகள் இருக்கிறார்கள். நான்கு பேருக்குச் சமமாகப் பங்கிட்டால் தலைக்கு 160. தந்தையின் சொந்தப் பிரீமியத்தைக் கழித்துவிட்டு மீதி மூவருக்குப் பங்கிட்டால் 170. புது மனைவிக்காகவும் அவர் குழந்தைக்காகவும் அந்த 640 டாலர் பிளானை எப்படியும் எடுத்திருப்பார் என்றால், முதல் குழந்தையால் கூடுதலாக ஆன செலவு பூஜ்ஜியம்.

எது சரி என்பதை மாநிலச் சட்டத்தின் வாசகம்தான் முடிவு செய்யும். வர்ஜீனியா, குழந்தையைச் சேர்ப்பதால் ஏற்படும் கூடுதல் செலவை மட்டுமே ஏற்கிறது. அங்கே அந்தப் பூஜ்ஜிய வாதம் வலுவானது. நியூயார்க்கும் ஃபுளோரிடாவும் இருக்கும் பிளானில் குழந்தையைச் சேர்க்க ஆகும் தொகை, அல்லது தனிநபர் பிளானுக்கும் குடும்ப பிளானுக்கும் உள்ள வித்தியாசம் என்று வரையறுக்கின்றன. டெக்சஸ் வேறு வழி. அதே பிளானில் மற்ற மைனர் குழந்தைகளும் இருந்தால், மொத்தச் செலவை மைனர்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். ஒரு குழந்தை இருந்த பிளானில் இரண்டாவது குழந்தை வந்ததும் வகுக்கும் எண் ஒன்றிலிருந்து இரண்டாகிறது. மறுமணம் அங்கே கணக்கில் நுழைவது இந்த வழியாகத்தான்.

நம் கருத்து: எந்த மாநிலமானாலும் விலைப்பட்டியலோடு, பிளானில் இருக்கும் ஒவ்வொருவரின் உறவையும் வயதையும் எழுதிய ஒரு பக்கக் கணக்கை நீங்களே தயாரித்துக் கொடுப்பது நல்லது. கொடுக்காவிட்டால் எதிர்த்தரப்பு போடும் எண்ணே நிற்கும்.

ஒர்க்‌ஷீட்டில் அது எப்படி ஓடுகிறது

நாற்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் பெற்றோர் இருவர் வருமானத்தையும் கூட்டி, குழந்தைக்கான அடிப்படைத் தொகையை வருமான விகிதத்தில் பிரிக்கின்றன. தந்தைக்கு மாதம் 6,000, தாய்க்கு 4,000 என்றால் விகிதம் 60க்கு 40. குழந்தை தாயுடன் இருக்கிறது. அடிப்படைத் தொகை 1,400 என்று கொள்வோம்.

பிரீமியமே இல்லையென்றால் தந்தை தருவது 840.

தந்தை 220 டாலர் பிரீமியம் கட்டினால் மொத்தம் 1,620. அதில் 60 சதவீதம் 972. கட்டிவிட்ட 220-ஐக் கழித்தால் 752. அதாவது அவருக்குக் கிடைக்கும் சலுகை 88 டாலர், பிரீமியத்தில் தாயின் 40 சதவீதம். முழு 220-உம் கழியும் என்று நினைத்துத் திட்டமிடுகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

அதே 220-ஐத் தாய் கட்டினால் தந்தை தருவது 972.

மறுமணத்துக்குப் பின் குழந்தையின் பங்கு 240 என்று ஏற்றால் தந்தைக்குச் சலுகை 96, 160 என்றால் 64, பூஜ்ஜியம் என்றால் ஒன்றுமில்லை. மாதம் 96 டாலர் வித்தியாசம் சிறிதாகத் தெரியும். குழந்தைக்கு எட்டு வயதென்றால் பதினெட்டு வரை அது 11,520 டாலர்.

டெக்சஸில் விகிதப் பிரிப்பு இல்லை. தந்தை கட்டும் பிரீமியத்தை அவருடைய நிகர வருமானத்திலிருந்து கழித்துவிட்டு, ஒரு குழந்தைக்கு 20 சதவீதம், இரண்டுக்கு 25 என்று போடுவார்கள். ஆகவே 220 கழிந்தால் சப்போர்ட் 44 டாலர்தான் குறையும். தாய் கட்டினால், நியாயமான செலவு என்ற வரம்புக்குள் அந்த முழுத் தொகையையும் தந்தை கூடுதல் சப்போர்ட்டாகத் தர வேண்டும். மறுமணத்தில் தந்தைக்குச் சொந்தமாக இன்னொரு குழந்தை பிறந்தால் 20 சதவீதம் 17.5 ஆகும். துணை அழைத்து வந்த குழந்தைக்கு அந்தச் சலுகை கிடையாது. கலிஃபோர்னியாவில் பிரீமியம் நிகர வருமானக் கணக்கில் கழியும்.

நியாயமான செலவு என்ற வரம்பு

குழந்தையின் இன்சூரன்ஸ் எவ்வளவு விலையானாலும் எடுத்தே தீர வேண்டும் என்று எந்த நீதிமன்றமும் சொல்வதில்லை. கூட்டாட்சி விதியின் பொது அளவு, கட்டுபவரின் மொத்த வருமானத்தில் 5 சதவீதம். மாநிலங்கள் தங்கள் அளவை வைத்துக்கொள்ளலாம். கலிஃபோர்னியாவிலும் ஃபுளோரிடாவிலும் பொறுப்பேற்கும் பெற்றோரின் வருமானத்தில் 5 சதவீதம். நியூயார்க்கில் இருவரின் கூட்டு வருமானத்தில் 5 சதவீதம். டெக்சஸில் கட்டுபவரின் ஆண்டு வருமானத்தில் 9 சதவீதம், பல் இன்சூரன்ஸுக்குத் தனியாக 1.5 சதவீதம்.

மேலே சொன்ன தந்தைக்கு 5 சதவீதம் என்பது 300 டாலர். குழந்தையின் பங்கு 220 அல்லது 240 என்றால் வரம்புக்குள். 510 என்று கணக்குப் போட்டால் வரம்பு மீறியதாகிவிடும், இன்சூரன்ஸ் எடுக்கும் கடமையே போய்விடும். செலவைக் கூட்டிக் காட்டுபவரின் நோக்கம் சில நேரம் அதுவாகவும் இருக்கும். எதிர்த்தரப்பின் எண்ணைப் பார்த்ததும் இதைச் சரிபாருங்கள்.

விலை மட்டும் போதாது, குழந்தை வசிக்கும் ஊரில் அந்த பிளானின் டாக்டர்கள் இருக்கவும் வேண்டும். தந்தை நியூஜெர்சியில், குழந்தை டெக்சஸில், பிளானோ உள்ளூர் நெட்வொர்க் மட்டுமுள்ள எச்.எம்.ஓ என்றால், மலிவாக இருந்தும் பயனில்லை. அவசரச் சிகிச்சையைத் தவிர எதற்கும் அந்தக் கார்டு உதவாது.

குழந்தை புதுத் துணையின் பிளானுக்குப் போனால்

தாய் மறுமணம் செய்கிறார். அவர் கணவரின் அலுவலக பிளான் நல்லது, மலிவு. குழந்தையை அதில் சேர்க்கிறார்கள். பெரும்பாலான பிளான்கள் துணையின் குழந்தையை ஏற்கும், ஆனாலும் பிளான் ஆவணத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

தகவல் கேட்டதும் தந்தை தன் பிளானிலிருந்து குழந்தையை எடுத்துவிடுகிறார். இரட்டைப் பிரீமியம் எதற்கு என்பது அவர் நியாயம். உத்தரவோ அவர்தான் இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும் என்று சொல்கிறது. அதை மாற்றாமல் எடுத்தால் உத்தரவை மீறிய குற்றம் அவருடையது. டெக்சஸ் சட்டம் இன்னும் கடுமை: உத்தரவுப்படி இன்சூரன்ஸ் எடுக்கத் தவறியவர், இன்சூரன்ஸ் இருந்திருந்தால் எவ்வளவு கிடைத்திருக்கும் என்பதைப் பார்க்காமல், குழந்தையின் அவசியமான மருத்துவச் செலவுக்குப் பொறுப்பாவார்.

தாய்க்கும் இழப்பு உண்டு. தந்தை 220 டாலரை மிச்சம் பிடித்தும், பிரீமியச் சலுகை கழித்த பழைய 752-ஐத்தான் தருகிறார். சலுகை போனால் தர வேண்டியது 840.

புதுக் கணவர் குழந்தைக்காகக் கூடுதலாகக் கட்டும் பிரீமியத்தைச் சப்போர்ட் கணக்கில் சேர்க்கலாமா? வர்ஜீனியாவின் 20-108.2-ஆம் பிரிவு, பெற்றோரோ அவருடைய துணையோ கட்டும் செலவு என்று வெளிப்படையாகவே சொல்கிறது. அங்கே சேரும். எல்லா மாநிலமும் அவ்வளவு தெளிவாக எழுதவில்லை. உங்கள் மாநில ஒர்க்‌ஷீட்டில் பெற்றோர் கட்டும் பிரீமியம் என்று மட்டும் இருந்தால், வழக்கறிஞரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

உத்தரவை மாற்றும் முறை

மறுமணம் மட்டுமே உத்தரவை மாற்றப் போதுமான காரணமாவதில்லை. பிரீமியம் கணிசமாக மாறியது, இன்சூரன்ஸ் நின்றது, வேறு பிளான் கிடைத்தது ஆகியவை காரணமாகும். குழந்தையின் மருத்துவத் தேவை மட்டுமே திருத்தம் கேட்கப் போதுமான காரணம், சப்போர்ட் தொகை மாற வேண்டிய அவசியம் இல்லாவிட்டாலும் சரி என்று கூட்டாட்சி விதியே சொல்கிறது. மாநில சைல்டு சப்போர்ட் அலுவலகம் நடத்தும் வழக்குகளில், மூன்று வருடத்துக்கு ஒருமுறை மறுபரிசீலனை கேட்கும் உரிமையும் உண்டு.

தாமதிக்காதீர்கள். 1986-இல் வந்த பிராட்லி திருத்தம் என்ற கூட்டாட்சிச் சட்டப்படி, கெடு தாண்டிய சப்போர்ட் தவணையை நீதிமன்றம் பின்தேதியிட்டுக் குறைக்கவோ கூட்டவோ முடியாது. திருத்த மனு பற்றி மற்றவருக்கு அறிவிப்புப் போன தேதி வரைதான் பின்னால் போகலாம். ஜனவரியில் பிரீமியம் ஏறி ஆகஸ்ட்டில் மனுப் போட்டால், இடைப்பட்ட மாதங்கள் போனது போனதுதான். அதே காரணத்தால், பிரீமியம் ஏறிவிட்டதென்று நீங்களாகவே சப்போர்ட்டில் கழித்துக்கொண்டால் அது பாக்கியாக ஏறும். இருவரும் மின்னஞ்சலில் ஒத்துக்கொண்டாலும் போதாது. அந்த ஒப்பந்தத்தை நீதிபதி கையெழுத்திட்ட உத்தரவாக மாற்றுங்கள்.

மனுவோடு விலைப்பட்டியல், பழைய, புதிய பே ஸ்டப், குழந்தையின் பெயருள்ள இன்சூரன்ஸ் கார்டு, நீங்கள் போட்ட பங்குக் கணக்கு எல்லாவற்றையும் இணையுங்கள்.

மாநில சைல்டு சப்போர்ட் அலுவலகம் நடத்தும் வழக்கென்றால், உத்தரவு வந்தபின் நேஷனல் மெடிக்கல் சப்போர்ட் நோட்டீஸ் என்ற படிவம் நேராக நிறுவனத்துக்குப் போகும். நிறுவனம் 20 வேலை நாளுக்குள் அதைப் பிளான் நிர்வாகிக்கு அனுப்ப வேண்டும். ஓப்பன் என்ரோல்மென்ட் வரும்வரை காத்திருக்கச் சொல்ல முடியாது. குழந்தை அந்தப் பெற்றோருடன் வசிக்கவில்லை, வரிக் கணக்கில் அவர் காட்டவில்லை என்ற காரணங்களால் மறுக்கவும் முடியாது. குழந்தையோடு வாழும் பெற்றோர், மற்றவரின் அனுமதி இல்லாமலே கிளெய்ம் போடலாம்.

இரண்டு கார்டு இருந்தால் எது முதலில்?

மறுமணக் குடும்பங்களில் குழந்தைக்கு இரண்டு பிளான் இருப்பது சகஜம். மருத்துவமனை வரவேற்பில் இரண்டு கார்டையும் நீட்டினால், பெற்றோரில் யார் பிறந்தநாள் வருடத்தில் முதலில் வருகிறதோ அவர் பிளான் முதலில் என்ற விதியைச் சொல்வார்கள். பிரிந்த பெற்றோருக்கு அதற்கு முன்னால் வேறு வரிசை உண்டு. உத்தரவு ஒருவரைப் பொறுப்பாக்கியிருந்தால் அவர் பிளான்தான் முதலில். உத்தரவே இல்லையென்றால், குழந்தையோடு வாழும் பெற்றோரின் பிளான், பின் அவருடைய புதுத் துணையின் பிளான், பின் மற்ற பெற்றோர், கடைசியில் அவருடைய துணை. உத்தரவு இருவருக்கும் பொறுப்பு தந்தால் அல்லது யாரையும் குறிப்பிடாமல் கூட்டுக் காவல் தந்தால் பிறந்தநாள் விதிக்குத் திரும்ப வேண்டும்.

இரண்டு இன்சூரன்ஸ் நிறுவனங்களுக்கும் உத்தரவின் அந்தப் பக்கத்தை முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். அனுப்பாவிட்டால் மற்றவர்தான் முதலில் தர வேண்டும் என்று இருவருமே கிளெய்மைத் திருப்பிவிடுவார்கள், பில் கலெக்‌ஷனுக்குப் போகும்.

இன்சூரன்ஸ் தராத மீதியைப் பிரிக்கும் முறையையும் பாருங்கள். கலிஃபோர்னியாவில் 2024 செப்டம்பர் 1 முதல் பாதிக்குப் பாதி என்ற பழைய வழக்கம் போய், நிகர வருமான விகிதமே பொது விதி. செலவான 30 நாளுக்குள் விவரப் பட்டியலை மற்றவருக்கு அனுப்ப வேண்டும். வருடக் கடைசியில் மொத்தமாக அனுப்புகிறவர்கள் பணத்தை வாங்கப் படும் பாடு பெரிது.

மெடிகெய்டும் சிப்பும்

மெடிகெய்டும் சிப்பும் வருமானம் குறைந்த குடும்பங்களுக்கான அரசு இன்சூரன்ஸ் திட்டங்கள். இங்கே வருவது பலருக்கு எதிர்பாராத அடி. சைல்டு சப்போர்ட் கணக்கில் சேராத புதுத் துணையின் வருமானம், குழந்தையின் மெடிகெய்ட், சிப் தகுதிக் கணக்கில் சேரும், அவர் குழந்தையோடு ஒரே வீட்டில் வாழ்ந்தால். தாய் தனியாக இருந்தபோது செலவில்லாமல் கிடைத்த மெடிகெய்ட், மறுமணத்தால் போய்விடலாம். அப்போது குழந்தைக்கு முதல்முறையாகப் பிரீமியம் என்று ஒன்று வருகிறது. அது சப்போர்ட் உத்தரவைத் திருத்தச் சரியான காரணம். மெடிகெய்ட் அல்லது சிப் போனால் அலுவலக பிளானில் சேர 60 நாள் அவகாசம் உண்டு. திருமணத்தை மெடிகெய்ட் அலுவலகத்துக்குத் தெரிவிக்காமல் விட்டால், பின்னால் தகுதியிழப்பு தெரியவரும்போது சிக்கல் பெரிதாகும்.

மார்க்கெட்பிளேஸில் வரிச் சலுகையோடு பிளான் வாங்குகிறவர்கள் வேறொன்றைக் கவனிக்க வேண்டும். மணமானவர்கள் பொதுவாகக் கூட்டாக வரி தாக்கல் செய்தால்தான் சலுகை கிடைக்கும். குழந்தை யாருடைய வரிக் கணக்கில் வருகிறதோ அவர் குடும்பத்தின் வருமானமே பார்க்கப்படும். குழந்தையை வரிக் கணக்கில் காட்டும் உரிமையைப் படிவம் 8332 வழியாக மற்ற பெற்றோருக்கு விட்டுக்கொடுத்திருந்தால், சலுகைக் கணக்கும் அவரோடு போகும்.

அந்தத் திருமணமும் முடிந்தால், தத்தெடுத்தால், வயது வந்தால்

புதுத் துணையின் பிளானில் இருக்கும் குழந்தை, அந்தத் திருமணம் முறிந்தால் இன்சூரன்ஸை இழக்கும். அலுவலக பிளானைச் சொந்தச் செலவில் தொடர விடும் கோப்ரா சட்டம் வழியாக 36 மாதம் வரை தொடரலாம், அதற்கு 60 நாளுக்குள் பிளானுக்குத் தெரிவிக்க வேண்டும். ஆனால் முழுப் பிரீமியமும் நீங்களே கட்ட வேண்டும், விலை அதிகம். இழந்த 30 நாளுக்குள் பெற்றோரில் ஒருவரின் அலுவலக பிளானில் சேர்ப்பதுதான் நடைமுறையில் நல்ல வழி. இதற்காகவே, துணையின் பிளானுக்கு மாற்றி உத்தரவு வாங்கும்போது, அது நின்றால் எந்தப் பெற்றோர் பொறுப்பு என்ற ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

புதுக் கணவர் குழந்தையைச் சட்டப்படி தத்தெடுத்தால், பெற்ற தந்தையின் எதிர்காலச் சப்போர்ட் கடமையும் இன்சூரன்ஸ் கடமையும் முடியும். அதுவரை சேர்ந்த பாக்கி அழியாது.

சப்போர்ட் பெரும்பாலான மாநிலங்களில் 18 வயதை ஒட்டி முடியும், நியூயார்க்கில் 21. பிளானிலோ பிள்ளையை 26 வயது வரை வைத்திருக்கலாம். சப்போர்ட் முடிந்தபின் பிரீமியத்தை யார் கட்டுவது என்று தீர்ப்பில் எழுதியிருக்காவிட்டால், அதைக் கட்டச் சொல்ல நீதிமன்றத்தில் பொதுவாக வழி இருக்காது. அந்த வரியை இப்போதைய திருத்தத்திலேயே சேர்த்துக்கொள்ளலாம்.